பேர் சொன்ன குற்றம்

ஒரு மந்திரி ஒரே ஊரில் இரண்டு தேர்தலுக்குப் பேசினார். முதல் தேர்தலில், ஏரிக்கு மதகு கட்டித் தருவதாகச் சொன்னார். அடுத்த தேர்தலில், மதகைப் பற்றித் தான் வாயே திறந்ததில்லை என்று சொன்னார். இதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊரில் எவனோ ஒருவனிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர் இருந்தது. முதல் பேச்சை அதில் பிடித்து வைத்திருந்தவன், இரண்டாவது கூட்டத்தில் மேடைக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்து அதைப் போட்டுவிட்டான். மேடையில் ஒரு மந்திரி மறுக்கிறார். மரத்தடியில் அதே மந்திரி சத்தியம் செய்கிறார். ஜனங்கள் மரத்தடி மந்திரிக்குத்தான் கை தட்டினார்கள்.

மறு மாதமே பெங்களூரில் சட்டம் வந்துவிட்டது. மதகு இன்னும் வரவில்லை. ‘இயந்திரத் துணைக் குற்றங்கள் தடுப்புச் சட்டம்’ என்று அதற்குப் பேர். சபையில் மந்திரி பேசியதைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். “மனிதன் ஒரு வார்த்தை மாற்றிப் பேசினால் அது மனித சுபாவம். அதை மாற்றாமல் அப்படியே திருப்பிச் சொல்வது இயந்திரத்தின் அகங்காரம். இயந்திரம் வளர வளரக் குற்றமும் வளரும். குற்றம் வளர்வதற்கு முன்பே சட்டம் வளர்ந்துவிட வேண்டும்.” ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. எதிர்க்கட்சியும் தட்டியது. அவர்களுக்கும் ஒரு நாள் மந்திரியாகும் ஆசை இருந்தது.

எது குற்றச் சாதனம் என்று சட்டமே சொல்லிவிட்டது. ஒரு மனிதனின் குரலையோ கருத்தையோ, அந்த மனிதன் இல்லாத இடத்தில் கேட்கும்படி செய்யும் எதுவும் குற்றச் சாதனம். முன் அனுமதி இல்லாமல் அதை இயக்குகிறவன் குற்றவாளி. அதில் பேசுகிறவனும் குற்றவாளி. காது கொடுத்துக் கேட்டவனை மட்டும் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையாக விட்டிருந்தார்கள்.

சட்டம் வந்தால் அதற்கு ஒரு தனி அதிகாரி வர வேண்டும். அதிகாரி வந்தால் ஜீப் வர வேண்டும். ஜீப் வந்தால் டிரைவர் வர வேண்டும். எல்லாம் வந்தது, குற்றம்தான் வரவில்லை. வருஷக் கடைசியில் மேலிடத்தில் கேள்வி கேட்பார்களே என்று கவலைப்பட்ட தனி அதிகாரி, மாநிலத்திலேயே எங்கே மெஷின் அதிகம் என்று விசாரித்தார். கோலார் தங்க வயல் என்று சொன்னார்கள். அப்படித்தான் அந்த ஜீப் எங்கள் ஊருக்குள் வந்தது. அறுபத்தெட்டாம் வருஷம் என்று ஞாபகம்.

எங்கள் ஊர் மெஷின்களில் அதிகச் சத்தம் போடுவது முனிரத்தினத்தின் மைக் செட். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய், ஒரு கார் பேட்டரி, தூக்கிப்போக ஒரு தள்ளுவண்டி. கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊத்தறது, மாதா கோயில் தேர், யூனியன் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன்தான். வாடகையை அவன் மனைவி ஜெயம்மா பேசுவாள். மைக் இல்லாமலே அவள் குரல் எங்கள் தொழிலாளர் குடியிருப்பில் ரெண்டு லைன் வீடு தாண்டும். முனிரத்தினம் நேர்மாறு. மைக்கைக் கையில் வைத்திருப்பவன் மைக்கில் பேசிப் பார்த்ததே இல்லை. ‘ஹலோ, ஹலோ’ என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்டு, விரலால் தட்டித்தான் பார்ப்பான்.

ஆனால் ஊர் அந்த மைக்கை மதித்தது கல்யாணத்துக்காகவோ காதுகுத்துக்காகவோ இல்லை. அதற்கு வேறு காரணம் உண்டு. சுரங்கத்தின் ஆழத்தில், மேலே இருக்கிற பாரம் தாங்காமல் சில நாள் பாறையே வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே வீட்டில் பாத்திரம் உருளும், உலை தளும்பும், உத்தரம் ஆடும். உடனே பெண்கள் போட்டது போட்டபடி சுரங்கக் குழி வாசலான ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். முன்பெல்லாம் கேட்டில் இருக்கும் காவலாளி, யார் யார் மேலே வந்தார்கள் என்று சொல்வான். ஒரு தரம் “ரத்தினம் வந்துட்டான்” என்று சொன்னான். அந்த ஷிஃப்டில் மூன்று ரத்தினம். மூன்று வீட்டிலும் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினார்கள். ஒரு வீட்டில்தான் ரத்தினம் சாப்பிட வந்தான்.

அன்றைக்கு ஊர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டது. ஏர் பிளாஸ்ட் என்றால் முனிரத்தினம் வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடுவான். சுரங்கத்திலிருந்து மேலே வருகிற ஒவ்வொருத்தனும் நேரே மைக்குக்கு வந்து தன் பேரைத் தானே சொல்ல வேண்டும். மானேஜரே ஆனாலும் இன்னொருத்தன் பேரைச் சொல்லக் கூடாது. பேரை யாரும் சொல்லலாம், குரலை யாரும் சொல்ல முடியாது இல்லையா? நொண்டிக் கால் மாமியார், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள், ஓட முடியாதவர்கள் எல்லாரும் வீட்டு வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். ‘நான் வேலாயுதம்’ என்று கேட்டதும் ஒரு வாசலில் அழுகை வெடிக்கும். சந்தோஷ அழுகைதான்.

முனிரத்தினத்தின் தங்கை வெங்கடம்மா அப்படிக் கேட்கிறவர்களில் ஒருத்தி. அவள் புருஷன் அப்பாதுரை கீழே டிரில் ஓட்டுகிறவன். எப்போது ஏர் பிளாஸ்ட் வந்தாலும் அவன் குரல் கேட்கும் வரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

தனி அதிகாரி வந்ததும் ஸ்கூல் மைதானத்தில் சட்ட விளக்கக் கூட்டம் போட்டார். கூட்டத்துக்கு மைக் வேண்டுமே, முனிரத்தினத்தையே கூப்பிட்டார்கள். அதிகாரி மைக்கை இழுத்து வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! நான் உங்களை மிரட்ட வரவில்லை. சட்டம் மிரட்டும், நான் விளக்குவேன். குற்றம் செய்யாதவர்களுக்கு இந்தச் சட்டத்தால் எந்தப் பயமும் இல்லை. எது குற்றம் என்பதை அரசாங்கம் அவ்வப்போது தீர்மானிக்கும். ஆகவே பயமில்லாமல் வாழ விரும்புகிறவர்கள் அவ்வப்போது வந்து விசாரித்துக்கொள்ள வேண்டும். விசாரிக்க வருகிறவர்கள் ஏன் விசாரிக்கிறார்கள் என்பதையும் நாங்கள் விசாரிப்போம்.”

இப்படி ரொம்ப நேரம் பேசினார். முடித்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி, “என் பேச்சு எதுவரை கேட்டது?” என்று கேட்டார்.

“மாரிகுப்பம் ரயில் ஸ்டேஷன் வரிக்கும் கேட்டுச்சு சார்!” என்று கூட்டம் கத்தியது. முனிரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

“நான் இங்கே இருக்கிறேன். மாரிகுப்பம் ஸ்டேஷனில் இல்லை. ஆனால் என் குரல் அங்கே கேட்டிருக்கிறது. இதைச் செய்தது யார்?”

முனிரத்தினம் பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி கையைத் தூக்கினான்.

“இவர் பேரை எழுதிக்கொள்ளுங்கள். சாதனத்தைக் கைப்பற்றுங்கள்” என்றார் அதிகாரி.

முனிரத்தினத்துக்குத் தூக்கிய கையை இறக்கத் தோன்றவில்லை. “பேசினது நீங்கதானே சார்?”

“நான் பேசினால் அரசாங்கம் பேசுவதாக அர்த்தம். அரசாங்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அது இல்லாத இடத்தில் அதன் குரல் கேட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இயக்கியது நீ. நீ அரசாங்கம் இல்லை.”

“அப்போ மாரிகுப்பம் ஸ்டேஷன்லயும் நீங்க இருந்தீங்கன்னா, நான் இன்னா சார் பண்ணேன்?”

“அதைக் கோர்ட்டில் சொல்.”

கான்ஸ்டபிள் தங்கவேலு வந்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினான். அவனும் எங்கள் லைன்காரன்தான், அவன் கல்யாணத்தில் பாடியதும் இதே குழாய்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தூக்கினான். அப்போது வெங்கடம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சார், இதை எடுத்துக்கினு போயிட்டீங்கன்னா, நாளிக்கிக் கீழே ஏதாவது ஆச்சுன்னா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“உரிய அலுவலகம் உரிய நேரத்தில் உரிய முறையில் தெரிவிக்கும்.”

“அதுக்குள்ள எங்க உசுரு போயிடுமே சார்.”

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். “அது இந்தச் சட்டத்தின் கீழ் வராது” என்றார்.

முதல் குற்றம் கிடைத்த தெம்பில் அவர் ஊரைச் சுற்ற ஆரம்பித்தார். முடிவெட்டும் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாடுகிறவர் கடையில் இல்லை என்பதை அதிகாரி கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கடைக்காரர் கத்தியை நிறுத்தி, “இது நான் பாடவில்லை” என்று உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. பாதி சவரத்தில் கேட்டவர்கள் அவசரமாக ஆமோதித்தார்கள். பிறகு புத்த விகாரைக்குப் போனார். அங்கே பௌர்ணமி பூஜைக்கு இசைத்தட்டில் பாலி மொழிச் சூத்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பொறுப்பாளர் தம்மபாலனிடம், “இது யாருடைய கருத்து?” என்று கேட்டார்.

“பகவான் புத்தருதுங்க.”

“அவர் இப்போது எங்கே இருக்கிறார்?”

தம்மபாலன் கை கூப்பினார். “அவரு பரிநிர்வாணம் அடைஞ்சிட்டாருங்க.”

“அப்படியானால் இங்கே இல்லை” என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்தது சுரங்கத்துச் சங்கு. ‘வேலைக்கு வா’ என்ற நிர்வாகத்தின் கருத்தை, நிர்வாகம் இல்லாத எங்கள் வீடுகளில் அது கேட்கச் செய்கிறதே! அதிகாரி சங்குக்கு நோட்டீஸ் ஒட்டினார். மறுநாள் சங்கு ஊதவில்லை. நாங்களும் சட்டத்தை மதித்து எழுந்திருக்கவில்லை. நிர்வாகம் பெங்களூருக்கு டெலிபோன் போட்டது, அன்று சாயங்காலமே அதிகாரி புதிய விளக்கம் தந்தார். “சங்கு மேலே இருப்பவர்களிடமிருந்து கீழே இருப்பவர்களுக்கு வரும் கருத்து. அதன் பேர் உத்தரவு. உத்தரவு இந்தச் சட்டத்தில் அடங்காது. கீழே இருந்து மேலே வரும் கருத்து எதுவும் உண்டா?”

யாரோ வாய் தவறி, கேஜ் மணி என்று சொல்லிவிட்டார்கள்.

கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. அடியில் இருக்கிறவன் மணி அடித்தால்தான் மேலே இருக்கிறவன் அதை ஏற்றுவான். மேலே மணிக்குக் காவலாக நிற்கிற ஏனோக்கை அதிகாரி விசாரித்தார்.

“கீழே மணி அடிப்பவர் யார் என்று உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க. மணி அடிச்சா ஏத்துவோம்.”

“யார் என்றே தெரியாத ஒருவன், தான் இல்லாத இடத்தில், தன் கருத்தைத் தெரிவிக்கிறான். நீயும் அதற்குக் கீழ்ப்படிகிறாய்.”

“ஏத்தலன்னா அவன் அங்கியே கெடப்பான் சார்.”

“அனுமதி பெறும் வரை அங்கேயே இருப்பதுதான் முறை” என்றார் அதிகாரி. அந்த மணியை நேரில் பார்த்துச் சீல் வைப்பதற்காக, மறுநாள் மத்தியானம் தலையில் தொப்பியும் அதில் விளக்குமாக அவரே கேஜில் இறங்கினார். போவதற்கு முன், ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீசுக்கு ஒரு உத்தரவும் கொடுத்தார். மேலே வந்தவர்கள், வராதவர்கள் பற்றிய எந்தத் தகவலும் தனி அதிகாரியின் அனுமதி இல்லாமல் கேட்டுக்கு வெளியே போகக் கூடாது.

அவர் இறங்கி, மணிக்குச் சீல் வைப்பதற்குள் பூமி ஆடியது.

நான் அப்போது மேலே, தங்கக் கல்லை அரைக்கிற சுரங்கத்து மில்லில் இருந்தேன். சுவரிலிருந்து காரை கொட்டியது. இது பெரியது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நாங்கள் கேட்டுக்கு ஓடி வருவதற்குள் அங்கே பெண்கள் நிறைந்துவிட்டார்கள். வெங்கடம்மா கையில் மாவு காயாமல் நின்றுகொண்டிருந்தாள். கேஜ் ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் மேலே வருகிறார்கள், ஆனால் ஒருத்தரையும் வெளியே விடவில்லை. ஒரு ஹாலில் அடைத்து வைத்திருந்தார்கள்.

“யாரு யாரு வந்துக்கிறாங்க? சொல்லுங்கய்யா!” என்று பெண்கள் கேட் கம்பியைப் பிடித்து உலுக்கினார்கள்.

டைம் ஆபீஸ் குமாஸ்தா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கையைப் பிசைந்தார். “தனி அதிகாரி அனுமதி குடுக்கணும்மா.”

“அவரு எங்க?”

“கீழே.”

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. தனி அதிகாரியின் மனைவி இறங்கினார். பெங்களூர்ப் பட்டுப்புடவை, கொண்டை கலைந்திருந்தது, காலில் செருப்பு இல்லை. அவருக்கும் குமாஸ்தா அதே பதிலைத்தான் சொன்னார். உரிய அனுமதி இல்லாமல் அவர் புருஷன் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்ல முடியாது. உரிய அனுமதி தர வேண்டியவர் அவர் புருஷன்தான். அந்த அம்மாள் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பெண்களும் இதே கேள்வியோடுதான் நின்றுகொண்டிருந்தார்கள். வெங்கடம்மா தன் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டாள்.

பிறகு அண்ணனைப் பார்த்துக் கத்தினாள். “இன்னாண்ணா மரம் மாதிரி நிக்கற? மைக் எங்க?”

“ஸ்டேஷன்ல சீல் போட்டு வச்சிக்கிறாங்கம்மா.”

“சீலு தானே? சுவரா அது?”

முனிரத்தினம் ஓடினான். அந்த மனிதன் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. போலீஸ் ஸ்டேஷனில் தங்கவேலு மட்டும் இருந்தான். மைக் செட் மேல் அரக்குச் சீல். தனி அதிகாரி உத்தரவு இல்லாமல் உடைத்தால் வேலை போய்விடும்.

“அவரு உத்தரவு குடுக்கணும்ண்ணா” என்றான் தங்கவேலு. “அவரு குடுக்கணும்னா அவரு மேலே வந்தாரான்னு தெரியணும். அது தெரியணும்னா…” அவன் தம்பியும் அந்த ஷிஃப்ட்தான். லத்தியை எடுத்து அரக்கின் மேல் ஒரே போடு போட்டான். ஆம்ப்ளிஃபயரை அவன் தூக்க, பேட்டரியையும் குழாயையும் முனிரத்தினம் தூக்க, வண்டி கிடைக்காமல் தோளிலேயே கொண்டு வந்தார்கள்.

குழாயைக் கேட் தூணில் கட்டினார்கள். முனிரத்தினம் வழக்கம்போல் விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு வழக்கமில்லாமல் வாயைக் கிட்டே கொண்டு போனான்.

“எம் பேரு முனிரத்தினம்” என்றான். “இந்த மைக்கை நான்தான் ஓட்டறேன். அனுமதி வாங்கல. வாங்கவும் மாட்டேன். உள்ளே கீறவங்க கேட்டுக்குங்க. உங்க வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் இங்க நிக்கறாங்க. கதவ ஒடச்சிக்கினு வாங்க. வந்து அவங்கவங்க பேரைச் சொல்லுங்க.”

உள்ளே இருந்து ஹால் கதவு இடிபடும் சத்தம் வந்தது. வெளியே இருந்து நாங்கள் கேட்டைத் தள்ளினோம். காவலாளி கொஞ்ச நேரம் தடுத்தான், அப்புறம் அவனும் எங்களோடு சேர்ந்து தள்ளினான்.

ஒவ்வொருத்தராக வந்தார்கள். முகமெல்லாம் கல் தூசி, கண் மட்டும் தெரிந்தது. “வேலாயுதம்.” “ஆபிரகாம், கால்ல அடி, உசுரு கீது.” தங்கவேலுவின் தம்பி தன் பேரைச் சொன்னபோது, தங்கவேலு போலீஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். தூரத்து லைன்களிலிருந்து அழுகையும் கூச்சலும் கேட்டுக்கொண்டே இருந்தன.

அந்த வரிசையில் தனி அதிகாரியும் வந்தார். அவரையும் தூசி மூடியிருந்தது. அவர் யார் என்று பேசிய பிறகுதான் தெரிந்தது.

“இப்போது நான் பேசுவதை அறிவிப்பாகக் கொள்ளக் கூடாது. நான்காம் பிரிவின்படி எனக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு, எனக்கு நானே தற்காலிகமாக…”

“சார், பேரைச் சொல்லிட்டு நவுருங்க சார்” என்றான் பின்னால் நின்றவன். “எங்கம்மா அங்க நிக்குது.”

அதிகாரி திரும்பிப் பார்த்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி நிற்பதைக் கண்டார். வாய் திறந்தது, சட்டம் வரவில்லை. தன் பேர்கூட வரவில்லை. “சரோஜா…” என்றார். “நான்தான். நான்தான் சரோஜா.” மாரிகுப்பம் ஸ்டேஷன் வரை அது கேட்டது.

பிறகும் ஆட்கள் வந்தார்கள். வரிசை மெலிந்தது. பிறகு கேஜ் காலியாக வந்தது. மைக் மட்டும் ‘உம்ம்’ என்று இரைந்துகொண்டிருந்தது. முனிரத்தினம் சுவிட்சில் கை வைத்தான்.

“அணைக்காதே” என்றாள் வெங்கடம்மா.

அவன் அணைக்கவில்லை. பேட்டரி தீர்ந்து அதுவாக நின்றது. சரோஜா அம்மாள் ஜீப்பில் ஏறாமல் வெங்கடம்மாவின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பாறையை அகற்றி அப்பாதுரையை எடுத்து வந்தபோது, அவன் யார் என்று இன்னொருத்தர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்குப் பிறகு தனி அதிகாரி திருந்திவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். கதையென்றால் திருந்தியிருப்பார். இவர் பெங்களூரில் ஒரு மாதம் ஓய்வெடுத்துவிட்டு வந்து கேஸ் போட்டார். வருஷக் கடைசி நெருங்கிவிட்டது, அவருக்கு வேறு குற்றம் கிடைக்கவில்லை. முனிரத்தினம் மேல் இயக்கிய குற்றம். தங்கவேலு மேல் சீலை உடைத்த குற்றம். பேசிய குற்றத்துக்கு யார் யாரைப் பிடிப்பது? தூசி மூடிய முகங்கள் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆகவே அன்றைக்கு ஷிஃப்டில் இறங்கிய எல்லார் மேலேயும் போட்டுவிட்டார். எல்லார் வீட்டுக்கும் சம்மன் போனது. அப்பாதுரை வீட்டுக்கும் போனது. குறிப்பிட்ட தேதியில் மைக்கில் தன் பேரைச் சொன்ன குற்றத்துக்காக அவன் நேரில் ஆஜராக வேண்டும்.

அப்பாதுரையின் சம்மனை வாங்கிய ஜெயம்மா அதை அந்தச் சேவகன் முகத்திலேயே எறியப் போனாள். வெங்கடம்மா தடுத்தாள். “குடு அண்ணி. நான் போறேன்” என்றாள்.

கோர்ட்டில் நிற்க இடம் இல்லை. குற்றவாளிகள் வெளியே புளியமரத்தடி வரை நின்றார்கள். மாஜிஸ்திரேட் வயதானவர், அலுத்துப்போன முகம். அவர் முன் மேசையில் ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும் மைக்கும் சாட்சிப் பொருளாக இருந்தன. தனி அதிகாரி கூண்டில் ஏறிச் சட்டத்தின் மேன்மையை விளக்கினார்.

“நீங்களும் அந்த மைக்கில் பேசினீர்களா?” என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

“நான் பேசவில்லை, கனம் கோர்ட்டார் அவர்களே. என் உத்தியோகம் பேசியது.”

“உத்தியோகம் என்ன சொன்னது?”

ஜெயம்மா பின்னாலிருந்து, “சரோஜா, நான்தான்னு சொல்லுச்சுங்க!” என்றாள். கோர்ட் சிரித்தது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். அதிகாரி மட்டும், அது தற்காலிக அனுமதியின் பேரில் சொல்லப்பட்டது என்று பதிவு செய்யச் சொன்னார்.

பிறகு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் எல்லாரும், “ஆமாங்க, பேசினேன்” என்றார்கள். யூனியன் வக்கீல் சொல்லிக்கொடுத்தது வேறு. யாரும் அதைச் சொல்லவில்லை.

“அப்பாதுரை! அப்பாதுரை! அப்பாதுரை!” என்று டவாலி கூவினான்.

வெங்கடம்மா எழுந்து முன்னால் போனாள். “அவன் வர மாட்டான் சாமி. நான் அவன் பொண்டாட்டி.”

சர்க்கார் வக்கீல் அதிகாரியிடம் ஏதோ கிசுகிசுத்தார். பிறகு, “குற்றம் சாட்டப்பட்டவர் மரணமடைந்துவிட்டதால் அவர் மீதுள்ள வழக்கை விலக்கிக்கொள்கிறோம்” என்றார்.

“விலக்காதீங்க” என்றாள் வெங்கடம்மா.

அவள் மாஜிஸ்திரேட்டுக்கு நேரே திரும்பினாள்.

“இங்க நிக்கறவங்க எல்லாரும் பேசினாங்க. பேசினதால குத்தவாளி. எம் புருஷனும் பேசினான்னு எழுதுங்க சாமி. எத்தினி வருஷம்னு சொல்லுங்க, அவனுக்குப் பதிலா நான் உள்ளே போயி உக்காந்துக்கறேன். பேசினான்னு மட்டும் எழுதிடுங்க.”

பழக்க தோஷத்தில் தனி அதிகாரி எழுந்துவிட்டார். “அப்படி எழுத முடியாது. அவர் குரலை யாரும் கேட்கவில்லை. கடைசி வரை கேட்கவில்லை. நானே அங்கே…” அதற்குள் தான் என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். மெதுவாக உட்கார்ந்தார்.

“ஆமா சார். நீங்களும் நின்னுக்கினு இருந்தீங்க” என்றாள் வெங்கடம்மா. “நீங்க பேசினதை உங்க வூட்டம்மா கேட்டாங்க. நானும் கேட்டேன். நல்லா இருங்க.” மேசை மேலிருந்த மைக்கைக் கை நீட்டிக் காட்டினாள். “எங்க ஊரு ஆம்பளைங்க எல்லாரும் இந்தக் குத்தத்தைத் தெனம் பண்ணணும் சார். நான் பண்ண வைப்பேன்.”

மாஜிஸ்திரேட் தீர்ப்பை வாசித்தார். சட்டப்படி எல்லாரும் குற்றவாளிகள்தான். தண்டனை, கோர்ட் கலையும் வரை காவல். பிறகு வேறு வழியில்லாமல் மீதியையும் வாசித்தார். அப்பாதுரை பேசவில்லை என்பது சந்தேகத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது. அவர் நிரபராதி. அந்தச் சட்டம் வந்த நாளிலிருந்து அதன் கீழ் நிரபராதி என்று தீர்ப்பானவன் அவன் ஒருவன்தான்.

அதைச் சொல்லிவிட்டு மாஜிஸ்திரேட் உடனே எழுந்து உள்ளே போய்விட்டார். கோர்ட் கலைந்தது, அவர்கள் தண்டனையும் முடிந்தது. மைக் செட்டை என்ன செய்வது என்று தீர்ப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருந்துவிட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது.

வெங்கடம்மா நேரே மேசைக்குப் போய் மைக்கைக் கையில் எடுத்தாள். முனிரத்தினம் ஆம்ப்ளிஃபயரைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

“அது அரசாங்கத்தின் சாட்சிப் பொருள்!” என்று கத்தினார் தனி அதிகாரி.

“பகல் ஷிஃப்ட் மேலே வர்ற நேரம் ஆச்சு” என்றாள் வெங்கடம்மா. “இனிமே ஏர் பிளாஸ்ட் வந்தாதான்னு இல்ல. எல்லா ஷிஃப்டும் பேரைச் சொல்லிட்டுத்தான் வூட்டுக்குப் போவும். நீங்க கேட்டாண்ட வந்து எழுதிக்குங்க.”

தங்கவேலு சீருடையோடு வந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டான். நாங்கள் எல்லாரும் பின்னால் நடந்தோம்.